விளையாட்டு எம்மி விருதுகள்: சிலையில் யாருடைய பெயர் இருக்க வேண்டும்?

2024 ஜனவரியில் 'தி அத்லெட்டிக்' என்ற அமெரிக்க விளையாட்டுச் செய்தித் தளம் ஒரு மோசடியை வெளிக்கொண்டு வந்தது. ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி, கல்லூரி அமெரிக்கக் கால்பந்து பற்றிய தன் 'காலேஜ் கேம்டே' நிகழ்ச்சிக்காக, அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருதுக்கு அனுப்பிய பெயர்ப் பட்டியல்களில் நிஜத்தில் இல்லாத மனிதர்கள் இருந்தார்கள். கிர்க் ஹென்றி, லீ கிளார்க், டிர்க் ஹோவர்ட் என்று இணைத் தயாரிப்பாளர்களாகக் குறிக்கப்பட்ட யாருமே அந்த நிறுவனத்தில் வேலை செய்யவில்லை. அந்தப் பெயர்களில் வந்த சிலைகளின் பெயர்த் தகட்டை மாற்றி, நிகழ்ச்சியில் திரையில் தோன்றும் கிர்க் ஹெர்ப்ஸ்ட்ரீட், லீ கோர்ஸோ, டெஸ்மண்ட் ஹோவர்ட் போன்றவர்களிடம் கொடுத்திருக்கிறார்கள். இப்படி வாங்கப்பட்ட சிலைகள் 30க்கும் மேல்.

செய்தியைப் படித்த பலருக்கும் எழுந்த கேள்வி நியாயமானது. நிகழ்ச்சிக்கு விருது கிடைத்தது உண்மை. அந்த நிகழ்ச்சியில் வாரம்தோறும் பேசியவர்களும் அவர்களேதான். பிறகு ஏன் சொந்தப் பெயரில் சிலை வாங்க முடியவில்லை? ஒரு பெரிய நிறுவனம் ஏன் பொய்ப் பெயர் புனையும் அளவுக்கு இறங்கியது? இதற்கு விடை காண, இந்த விருது யாருக்காக ஏற்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எம்மி என்பது ஒரே விருது அல்ல

சிறகு விரித்த பெண் அணுவின் வடிவத்தைக் கையில் ஏந்தி நிற்கும் சிலை எல்லோருக்கும் தெரியும். அதை வழங்குவது ஒரே அமைப்பு என்று நினைப்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. இன்று மூன்று அமைப்புகள் எம்மி வழங்குகின்றன.

1. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தொலைக்காட்சி அகாடமி. மாலை நேர நாடகம், நகைச்சுவை, பல்சுவை நிகழ்ச்சிகளுக்கான பிரைம்டைம் எம்மி இதன் பொறுப்பு.
2. நியூயார்க்கில் உள்ள தேசியத் தொலைக்காட்சிக் கலை, அறிவியல் அகாடமி. விளையாட்டு, செய்தி, ஆவணப்படம், பகல்நேர நிகழ்ச்சிகள், தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கான எம்மிகளை இது வழங்குகிறது.
3. அமெரிக்காவுக்கு வெளியே தயாராகும் நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் சர்வதேச அகாடமி.

முதல் இரண்டும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தவை. ஹாலிவுட்டுக்கும் நியூயார்க்குக்கும் இடையே நெடுநாள் புகைந்த பூசல் முற்றி 1977இல் பிரிந்தன. விளையாட்டு நியூயார்க் பக்கம் போயிற்று. அதற்கு முன்பும் விளையாட்டு ஒளிபரப்புக்கு எம்மி உண்டு. 1950இல் நடந்த இரண்டாவது எம்மி விழாவிலேயே லாஸ் ஏஞ்சலிஸின் கேடிஎல்ஏ நிலையம் ஒளிபரப்பிய மல்யுத்தத்துக்கு விருது கிடைத்தது. ஆனால் அப்போதெல்லாம் அது பெரிய விழாவின் ஓர் ஓரத்தில் நடந்த காரியம். விளையாட்டுக்கென்றே தனி விழா வந்தது 1979இல், பிரிவினைக்குப் பிறகுதான். இப்போது அது வழக்கமாக ஒவ்வோர் ஆண்டும் மே மாத வாக்கில் நியூயார்க்கில் நடக்கிறது. முந்தைய ஆண்டின் ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒளிபரப்பானவை போட்டிக்கு வரும்.

இந்தப் பிரிவினையால் வரும் விசித்திரங்கள் வாசகரை இன்றும் தடுமாற வைக்கின்றன. அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் ஒளிபரப்பு விளையாட்டு எம்மிக்குப் போட்டியிடும். அதே மைதானத்தில், அதே இரவில், இடைவேளையில் நடக்கும் இசை நிகழ்ச்சி பிரைம்டைம் எம்மிக்குப் போகும். 2022இல் அப்படிப் போய் விருதும் வாங்கியது. மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ புல்ஸ் அணியைப் பற்றிய 'தி லாஸ்ட் டான்ஸ்' முழுக்க முழுக்கக் கூடைப்பந்து பற்றிய தொடர். ஆனாலும் 2020இல் அது வென்றது பிரைம்டைம் எம்மியை. ஆகவே 'எம்மி வென்ற விளையாட்டு நிகழ்ச்சி' என்று ஒரு விளம்பரம் சொன்னால், எந்த எம்மி என்று கேட்பது அவசியம்.

ஒரு நேரலைக்குள் இருக்கும் கைகள்

விருதின் பிரிவுகளைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், மைதானத்துக்கு வெளியே நிற்கும் ஓ.பி. வேன் என்ற நடமாடும் ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைய வேண்டும். அங்கே சுவர் முழுக்கத் திரைகள். ஒவ்வொரு கேமரா பார்ப்பதும் ஒவ்வொரு திரையில் ஓடும். இயக்குநர் எந்தக் கேமரா இப்போது நேயருக்குப் போக வேண்டும் என்று எண்ணைச் சொல்வார். தொழில்நுட்ப இயக்குநர் அந்தக் கணமே பொத்தானை அழுத்துவார். பக்கத்தில் தயாரிப்பாளர்: எந்த ரீப்ளேயைக் காட்டுவது, எப்போது புள்ளிவிவரம் வர வேண்டும், வர்ணனையாளரை எந்தக் கதைக்குத் திருப்புவது என்பதெல்லாம் அவர் முடிவு. பின்வரிசையில் ரீப்ளே இயக்குபவர்கள், கிராஃபிக்ஸ் குழு. இன்னொரு அறையில் ஒலிப்பொறியாளர், பந்து படும் ஓசையையும் கூட்டத்தின் இரைச்சலையும் வர்ணனைக் குரலையும் ஒன்றையொன்று விழுங்காமல் கலந்துகொண்டிருப்பார்.

இத்தனையும் ஒரே முறை நடப்பது. திரைப்படத்தில் போல இன்னொரு டேக் கிடையாது. விளையாட்டு ஒளிபரப்பைத் தனிக் கலையாக மதிக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

1963 டிசம்பர் 7 அன்று பிலடெல்பியாவில் ராணுவ, கடற்படைக் கல்லூரி அணிகளுக்கு இடையே நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை சிபிஎஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. அதிபர் கென்னடி சுடப்பட்டதால் ஒரு வாரம் தள்ளிப்போன ஆட்டம் அது. இயக்குநர் டோனி வெர்னா சுமார் 590 கிலோ எடையுள்ள நாடாப் பதிவுக் கருவியைப் பெயர்த்தெடுத்து மைதானத்துக்குக் கொண்டுவந்திருந்தார். நாடாவில் சரியான இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் அப்போதைய பெரும் சிக்கல். காட்சி பதிவாகும்போது ஒலித்தடத்தில் அடையாள ஓசைகளைச் சேர்த்து, அவற்றைக் காதால் கேட்டுத் தொடக்கத்தைப் பிடிப்பது அவர் கண்ட வழி. ஆட்டம் முழுக்க முயன்றும் அது ஒரே ஒரு முறைதான் கைகூடியது. ராணுவ அணியின் ரோலி ஸ்டிச்வே புள்ளி எடுத்த ஓட்டம், நடந்து முடிந்த கையோடு, அதே வேகத்தில் மீண்டும் திரையில் ஓடியது. அப்படி ஒன்றை அதுவரை பார்த்தறியாத நேயர்கள் இன்னொரு முறை புள்ளி எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துவிடுவார்களே என்று, வர்ணனையாளர் லிண்ட்ஸே நெல்சன் இது நேரலை அல்ல, ராணுவ அணி மறுபடியும் புள்ளி எடுக்கவில்லை என்று பதறிச் சொல்ல வேண்டியிருந்தது.

இன்று எந்த விளையாட்டையும் ரீப்ளே இல்லாமல் பார்க்க முடியாது. நடுவர் தீர்ப்புகளே அதை நம்பி நிற்கின்றன. அதைத் தொடங்கிவைத்தவர் வேனுக்குள் இருந்தார். நேயர் கேட்டது நெல்சனின் குரலை மட்டுமே.

கேமராக்காரரின் பங்குக்கு 1975ஐச் சொல்ல வேண்டும். பேஸ்பால் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், பாஸ்டனின் ஃபென்வே மைதானம், நள்ளிரவு தாண்டிய 12ஆவது இன்னிங்ஸ். கார்ல்டன் ஃபிஸ்க் அடித்த பந்து எல்லைக் கோட்டையொட்டிப் பறக்கிறது. உள்ளே விழுமா வெளியே போகுமா என்பது தெரியாது. இடப்பக்கச் சுவரின் ஸ்கோர்போர்டுக்குள் அமர்ந்திருந்த என்பிசி கேமராக்காரர் லூ ஜெரார்டு பந்தைத் தொடராமல் ஃபிஸ்கையே பிடித்துக்கொண்டு நின்றார். பந்தை உள்ளே தள்ளுவதுபோல் இரு கைகளையும் வீசிவீசிக் குதிக்கும் ஃபிஸ்க் அதில் பதிவானார். பக்கத்தில் வந்து நின்ற ஓர் எலியால் கேமராவைத் திருப்ப முடியவில்லை என்று பின்னாளில் சொல்லப்பட்டது. காரணம் எதுவானாலும், பந்தைவிட ஆட்டக்காரரின் முகமும் உடலும் பெரிய கதை சொல்லும் என்பதை ஒளிபரப்பாளர்கள் அந்தக் காட்சியிலிருந்து கற்றுக்கொண்டார்கள்.

பிரிவுகள்: எதற்கெல்லாம் விருது?

பிரிவுகளின் எண்ணிக்கையும் பெயரும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அடிப்படையில் நான்கு கூட்டங்களாகப் பார்த்தால் போதும்.

1. நிகழ்ச்சிக்கான விருதுகள். ஒரே நாள் நடக்கும் பெரிய நேரலை, பருவம் முழுக்க வரும் நேரலைத் தொடர், நாக்-அவுட் சுற்றுகளின் ஒளிபரப்பு, தினசரி அல்லது வாராந்திர ஸ்டுடியோ நிகழ்ச்சி, ஆவணப்படம் ஆகியவை இதில் வரும். விருது நிகழ்ச்சிக்கு, சிலை அதை உருவாக்கிய தயாரிப்பாளர், இயக்குநர் முதலானோருக்கு.
2. தனிநபர் விருதுகள். ஸ்டுடியோ தொகுப்பாளர், ஆட்ட வர்ணனையாளர், விமர்சகர், மைதான ஓரத்தில் நின்று செய்தி தருபவர் என்று திரையில் தெரிபவர்களுக்குத் தனித்தனியாக. அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்து விமர்சகரான ஜான் மேடன் தன் வாழ்நாளில் 16 எம்மிகள் பெற்றார்.
3. கைத்தொழில் விருதுகள். கேமரா, படத்தொகுப்பு, ஒலி, கிராஃபிக்ஸ், இசை, எழுத்து, தொழில்நுட்பக் குழு. எழுத்துக்கான விருது பத்திரிகையாளர் டிக் ஷாப்பின் பெயரிலும் தொழில்நுட்பச் சாதனைக்கான விருது ஈஎஸ்பிஎன் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்த ஜார்ஜ் வென்சலின் பெயரிலும் வழங்கப்படுகின்றன.
4. விளையாட்டு இதழியல், வாழ்நாள் சாதனை. வாழ்நாள் சாதனை விருதின் முதல் ஆண்டுகளிலேயே ஜிம் மெக்கேயும், 1963இல் நேயரை எச்சரித்த அதே நெல்சனும் அதைப் பெற்றார்கள்.

மெக்கேயைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரர்கள் பணயக் கைதிகளாகப் பிடிக்கப்பட்டபோது, ஏபிசி நிறுவனத்தின் விளையாட்டுத் தொகுப்பாளரான அவர் மணிக்கணக்கில் நேரலையில் இருந்து செய்தி சொன்னார். எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்ற தகவலையும் அவரே அறிவித்தார். அந்த ஒரே பணிக்காக விளையாட்டுக்கு ஒன்றும் செய்திக்கு ஒன்றுமாக இரு எம்மிகள் கிடைத்தன. விளையாட்டு ஒளிபரப்பாளரும் இதழியலாளரே என்று அகாடமி ஒப்புக்கொண்ட இடம் அது.

தேர்வு எப்படி நடக்கிறது?

இங்கே அதிகம் விளக்க ஒன்றும் இல்லை. தொலைக்காட்சி நிறுவனங்கள் கட்டணம் செலுத்தித் தங்கள் படைப்பை அனுப்பும். யாரும் அனுப்பாத நிகழ்ச்சி எவ்வளவு சிறந்ததானாலும் போட்டியிலேயே இருக்காது. அதே தொழிலில் இருப்பவர்கள் நடுவர்களாக அமர்ந்து, சொந்தப் படைப்பு உள்ள பிரிவைத் தவிர்த்து, மதிப்பெண் இடுவார்கள். நேயர் வாக்குக்கு இடமில்லை. பார்வையாளர் எண்ணிக்கையும் கணக்கில் வராது.

அனுப்பும்போது படைப்போடு ஒரு பெயர்ப் பட்டியலும் போகும்: யார், என்ன பொறுப்பில் வேலை செய்தார் என்பது. வென்றால் அந்தப் பட்டியலே சிலைக்கு உரியவர்களின் பட்டியல். அதைத் தயாரிப்பது போட்டியிடும் நிறுவனம். முறைகேடு நுழைந்த வாசல் இதுவே.

மஞ்சள் கோடு: தொழில்நுட்ப விருதின் அருமை

கைத்தொழில் விருதுகளைச் செய்தித்தாள்கள் ஒரு வரியில் கடந்துவிடும். எனக்கோ இந்த விழாவின் உயிரே அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

அமெரிக்கக் கால்பந்தில் தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அவற்றுக்குள் 10 கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். அந்த 10 கெஜ எல்லை எங்கே என்பதை மைதானத்தின் ஓரத்தில் சங்கிலியும் கம்பமும் வைத்துக் காட்டுவார்கள். வீட்டில் இருப்பவருக்கு அது பெரும்பாலும் தெரியாது. 1998 செப்டம்பர் 27 அன்று பால்டிமோரில் நடந்த ரேவன்ஸ், பெங்கால்ஸ் ஆட்டத்தில் ஈஎஸ்பிஎன் முதன்முறையாகப் புல்வெளிமேல் ஒரு மஞ்சள் கோட்டைக் காட்டியது. மைதானத்தில் அப்படி ஒரு கோடு இல்லை. ஸ்போர்ட்விஷன் என்ற நிறுவனம் கணினியால் படத்துக்குள் வரைந்தது அது.

கேட்க எளிது. செய்வதில் இருந்த சிக்கல்கள் இவை.

1. கேமரா அசைந்துகொண்டே இருக்கும். கோடு மட்டும் தரையில் ஒட்டி நிற்க வேண்டும். அதற்காகக் கேமராவின் தாங்கியில் உணரிகளைப் பொருத்தி, அது திரும்புவது, சாய்வது, நெருங்கிப் பார்ப்பது எல்லாவற்றையும் ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் அளந்தார்கள்.
2. மைதானம் தட்டையானது அல்ல. மழைநீர் வடிவதற்காக நடுவில் சற்று மேடாக இருக்கும். ஒவ்வொரு மைதானத்தையும் முன்கூட்டி அளந்து முப்பரிமாண மாதிரி செய்தால்தான் கோடு வளையாமல் நிற்கும்.
3. ஆட்டக்காரர் கோட்டின்மேல் ஓடினால், கோடு அவர் காலுக்கு அடியில் போவதுபோலத் தெரிய வேண்டும். எந்த நிறம் புல், எந்த நிறம் சீருடை என்று கணினிக்குக் கற்பித்தார்கள். பச்சைச் சீருடை, சேறு, பனி, பாதி மைதானத்தில் விழும் நிழல் என்று ஒவ்வொன்றும் புதுத் தலைவலி.
4. இந்தக் கணக்கெல்லாம் முடியச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்கு ஏற்ப ஒளிபரப்பின் படத்தையும் ஒலியையும் சேர்த்தே சற்றுத் தாமதப்படுத்தினார்கள்.

இந்தக் கோட்டுக்கு விளையாட்டு எம்மி கிடைத்தது. இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1996இல், ஐஸ் ஹாக்கிப் பந்தயங்களில் பக் என்னும் சிறு வட்டைத் திரையில் ஒளிரச் செய்யும் முயற்சியை ஃபாக்ஸ் நிறுவனத்தில் செய்தவர்களில் சிலரே ஸ்போர்ட்விஷனைத் தொடங்கியவர்கள். அந்த ஒளிர்வை ஹாக்கி ரசிகர்கள் பலர் வெறுத்தார்கள், சில ஆண்டுகளில் அது மறைந்தது. மஞ்சள் கோடு நிலைத்துவிட்டது. வித்தியாசம் தெளிவு: ஒன்று ஆட்டத்தை மறைத்துக்கொண்டு தன்னைக் காட்டியது, மற்றொன்று நேயருக்குத் தெரியவேண்டிய ஒரே தகவலைத் தந்துவிட்டு ஒதுங்கி நின்றது. இந்த வேறுபாட்டைத் துல்லியமாக எடைபோட அதே தொழிலில் உழல்பவர்களால்தான் முடியும். சக தொழிலாளர் தேர்வு என்ற முறைக்கு இதைவிட நல்ல நியாயம் இல்லை.

பொய்ப் பெயர்கள்: விதியும் மீறலும்

இப்போது தொடக்கத்துக் கேள்விக்கு வரலாம்.

'காலேஜ் கேம்டே' போட்டியிட்டது வாராந்திர ஸ்டுடியோ நிகழ்ச்சிப் பிரிவில். 2008க்கும் 2018க்கும் இடையில் எட்டு முறை வென்றது. அந்தப் பிரிவின் பெயர்ப் பட்டியலில் தொகுப்பாளர், விமர்சகர், செய்தியாளர் ஆகியோரைச் சேர்க்கக் கூடாது என்பது 2023 வரை விதியாக இருந்தது. அவர்களுக்குத்தான் தனிநபர் பிரிவுகள் இருக்கின்றனவே. ஒரே வேலைக்கு ஒருவர் இரண்டு வழியில் சிலை வாங்கக் கூடாது என்பது அதன் நோக்கம். அமெரிக்க ஊடகங்கள் இதை இரட்டை ஆதாயத் தடை என்று விளக்கின.

விதியின் உள்ளர்த்தத்தைப் பாருங்கள். திரையில் தெரிபவருக்குப் புகழும் ஊதியமும் ஏற்கெனவே உண்டு. நிகழ்ச்சி விருது வேனுக்குள்ளும் கட்டுப்பாட்டு அறையிலும் இருப்பவருக்கான முக்கிய வாய்ப்பு. அதை அவர்களுக்கே ஒதுக்கிவைத்தார்கள். நட்சத்திரங்களும் உள்ளே வந்தால் வேனில் இருப்பவர்கள் மறக்கப்படுவார்கள் என்ற அச்சம் அதில் இருந்தது. அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது என்பது என் கருத்து.

நிறுவனத்துக்குள் இருந்த சிலருக்கோ நட்சத்திரங்களை மகிழ்விக்க வேண்டியிருந்தது. அதனால் முதலெழுத்துகள் பொருந்தும்படி பெயர்களைப் புனைந்தார்கள். கிறிஸ் ஃபௌலருக்குக் கிறிஸ் ஃபுல்டன், டாம் ரினால்டிக்கு டிம் ரிச்சர்ட். குறைந்தது 2010 முதல் இது நடந்ததாக 'தி அத்லெட்டிக்' எழுதியது. தகுதியில்லாத பெயர்களைத் தங்கள் குழுவினர் சிலர் அனுப்பியது தவறு, அது 1997 வரைகூடப் பின்னோக்கிப் போகலாம் என்று ஈஎஸ்பிஎன் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. திரையில் தோன்றியவர்களுக்கு இந்தச் சூழ்ச்சி தெரிந்திருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. தங்களுக்கு உரியதே வந்திருக்கிறது என்று நம்பி வாங்கி வைத்திருந்தவர்களிடமிருந்து சிலைகள் திரும்பப் பெறப்பட்டன.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. இந்தப் பெயர்கள் பல ஆண்டுகள் பட்டியல்களில் அப்படியே கிடந்தன. வெளியில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. இணைத் தயாரிப்பாளர் பட்டியலில் இருக்கும் உண்மையான பெயர்களையும் நேயர் அறிந்ததில்லை. இல்லாத ஒருவரும் இருபது ஆண்டுகள் உழைத்த ஒருவரும் அந்தத் தாளில் ஒன்றுபோலவே தெரிந்தார்கள். யாரை வெளிச்சத்துக்குக் கொண்டுவர இந்த விருது ஏற்பட்டதோ, அவர்களுடைய இருட்டுத்தான் மோசடிக்கு மறைவிடமாயிற்று.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியும் இதே விழாவின் வரலாற்றில் உண்டு. 2015இல் சிறந்த ஸ்டுடியோ தொகுப்பாளர் விருதை டிஎன்டி தொலைக்காட்சியின் எர்னி ஜான்சன் வென்றார். அதே பிரிவில் அவரோடு பரிந்துரைக்கப்பட்டிருந்தவர் போட்டி நிறுவனமான ஈஎஸ்பிஎன்னின் ஸ்டூவர்ட் ஸ்காட். அவர் அந்த ஆண்டு ஜனவரியில் புற்றுநோயால் இறந்துபோயிருந்தார். ஜான்சன் தன் சிலையை ஸ்காட்டின் மகள்களுக்குக் கொடுத்துவிட்டார். சிலையில் இருக்கும் பெயருக்கு உரிமையாளர் யார் என்பதை வெளிப்படையாக, எல்லோர் முன்னிலையிலும் மாற்றிய செயல் அது.

விருதால் தீர்க்க முடியாத சிக்கல்கள்

மோசடியைத் திருத்திவிடலாம். கீழே உள்ளவை விருதின் அமைப்பிலேயே இருப்பவை.

1. பணபலம். சூப்பர் பௌல், ஒலிம்பிக் போன்றவற்றுக்குக் கேமராக்களும் ஆட்களும் கொட்டிக் கிடக்கும். ஐந்தே கேமராக்களுடன் ஒரு கல்லூரிப் போட்டியை அழகாகக் காட்டும் குழு அவற்றோடு ஒரே தராசில் ஏற முடியாது. பிரிவுகளைப் பிரித்து ஓரளவு சமாளிக்கிறார்கள், அவ்வளவே.

2. யாருடைய படம்? ஒலிம்பிக்கின் அடிப்படைப் படங்களைத் தருவது 2001இல் தொடங்கப்பட்ட ஒலிம்பிக் ஒளிபரப்புச் சேவை. உலகத்துக்கெல்லாம் பொதுவான அந்தப் படத்தின்மேல் ஒவ்வொரு நாட்டு நிறுவனமும் தன் வர்ணனை, தன் கேமராக்கள், தன் கதைகளைச் சேர்க்கும். அமெரிக்காவில் என்பிசி செய்வது அது. விருது என்பிசிக்குப் போகும்போது, பொதுப் படத்தை எடுத்தவரின் பங்கு எவ்வளவு என்பது நேயருக்குத் தெரிய வழியில்லை.

3. லீக்கே தயாரிப்பாளர். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் படப்பிரிவு என்எஃப்எல் ஃபிலிம்ஸ். அது 1962இல் எட் சேபல் 3,000 டாலர் கொடுத்து இறுதிப் போட்டியின் படப்பிடிப்பு உரிமையை வாங்கியதிலிருந்து வளர்ந்தது. மெதுவாகச் சுழலும் பந்து, கம்பீரமான இசை, வீரர்களின் மூச்சுக்காற்று என்று விளையாட்டுப் படங்களுக்கு ஒரு மொழியையே உருவாக்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட எம்மிகள் பெற்றது. கலை என்ற அளவில் அத்தனைக்கும் தகுதி உண்டு. ஆனால் அது அந்த லீக்கின் சொந்த நிறுவனம். தன் வீரர்களின் மூளைக்காயம் பற்றி ஒரு லீக் எவ்வளவு தூரம் தானே படமெடுக்கும் என்பது கேள்வி.

4. உரிமைத் தொகை. 2021இல் என்எஃப்எல் செய்துகொண்ட 11 ஆண்டு ஒளிபரப்பு ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு 100 பில்லியன் டாலரைத் தாண்டும் என்று செய்திகள் வந்தன. இத்தனை பணம் கொடுத்தவர் தன் கூட்டாளியைக் கடுமையாக விசாரிக்கத் தயங்குவார்.

மூன்றாவது, நான்காவது சிக்கல்களுக்கு எதிர் எடையாக இருப்பது இதழியல் பிரிவு. எச்பிஓவில் 1995 முதல் 2023 வரை பிரையன்ட் கம்பெல் நடத்திய 'ரியல் ஸ்போர்ட்ஸ்' இந்த விருதுகளை 30 முறைக்கு மேல் வென்றது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒட்டகப் பந்தயத்துக்குச் சிறுவர்கள் அடிமைகளாகப் பயன்படுத்தப்பட்டதை அது வெளிக்கொண்டு வந்தது. பெரிய லீக்குகளின் ஆட்ட உரிமையை நம்பி அந்த நிகழ்ச்சி இல்லை என்பதால்தான் அந்தத் துணிச்சல் சாத்தியமாயிற்று. அது நின்றுபோனபின் அந்த இடத்தை அதே வலிமையோடு நிரப்ப இன்னொன்று வரவில்லை என்பது வருத்தத்துக்குரியது. போட்டியிடத் தகுதியான படைப்புகள் குறைந்துபோனால் ஒரு பிரிவு பெயரளவில் இருந்து என்ன பயன்?

இனி மாறப்போவது

2023இல் விதி தளர்ந்தது. வாராந்திர ஸ்டுடியோ நிகழ்ச்சி வென்றால் அதன் தொகுப்பாளரும் விமர்சகரும் சொந்தப் பெயரிலேயே சிலை பெறலாம். பொய்ப் பெயருக்கு இனித் தேவையே இல்லை. அதே நேரம், வேனில் இருப்பவர்களுக்கென்று ஒதுக்கிய இடம் பங்குபோடப்பட்டுவிட்டது.

அந்த வேனும் மெல்ல மறைந்துவருகிறது. கேமராவும் மைக்கும் மட்டும் மைதானத்தில் இருக்க, இயக்குநரும் ரீப்ளே குழுவும் ஒலிப்பொறியாளரும் நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் உள்ள மையத்திலிருந்து வேலை செய்யும் முறை கோவிட் காலத்துக்குப் பிறகு வேகமாகப் பரவியிருக்கிறது. ஒரே இரவில் ஒருவர் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களுக்கு வேலை பார்க்க முடிகிறது. அமேசான் 2022 முதல் வியாழக்கிழமை என்எஃப்எல் ஆட்டங்களைத் தனியுரிமையோடு காட்டுகிறது; நெட்ஃபிளிக்ஸ் 2024 கிறிஸ்துமஸ் நாளில் என்எஃப்எல் ஆட்டங்களைக் காட்டியது. இந்தப் புதிய நிறுவனங்கள் ஆட்டத்தைத் தயாரிக்கும் வேலையைப் பழைய தொலைக்காட்சிக் குழுக்களிடம் ஒப்படைப்பதும் உண்டு.

இந்தத் துறையில் கேமராக்காரர், ஒலிப்பொறியாளர், ரீப்ளே இயக்குபவர் ஆகியோரில் பெரும்பகுதியினர் நிரந்தர ஊழியர்கள் அல்லர்; ஆட்டத்துக்கு ஆட்டம் ஒப்பந்தத்தில் வருபவர்கள். அவர்களுக்கு எம்மி என்பது அடுத்த பருவத்து வேலையைப் பெற்றுத்தரும் சான்று. ஒரே ஆட்டத்தின் வேலை இரண்டு நிறுவனங்களிலும் மூன்று நகரங்களிலும் சிதறிக் கிடக்கும்போது, பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பை இன்னமும் போட்டியிடும் நிறுவனத்திடமே விட்டுவைப்பது சரியாகாது. உள் கண்காணிப்பை இறுக்குவதாக ஈஎஸ்பிஎன் உறுதியளித்திருப்பதாக அகாடமி சொல்கிறது. அது ஒரு நிறுவனத்தின் வாக்குறுதி. எல்லா நிறுவனங்களின் பட்டியலையும் அன்றைய பணிப்பதிவேட்டோடும் ஊதியப் பதிவோடும் ஒப்பிட்டு அகாடமியே சரிபார்க்க வேண்டும். அப்படிச் செய்தால் இல்லாதவர் நுழைய முடியாது, விடுபட்டுப்போன ஒப்பந்தத் தொழிலாளியும் தன் பெயரைக் கேட்டு வாங்க முடியும்.